புனித தேவசகாயம் காட்டிய வழி

புனிதர் என்றவுடன் பீடத்துச் சுரூபமும் தேர்ப்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவர்களும் உண்டு, உழைத்து, குடும்பம் நடத்திய மாந்தரே என்பதை மறந்துவிடுகிறோம். அவ்வகையில் நம் இளைஞர்கள் அறியவேண்டிய வாழ்வு மறைசாட்சி தேவசகாயத்தின் வாழ்வாகும்.

இவர் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில் நாயர் குலத்தில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் அரசுப் பணி புரிந்தார். இவர் துறவியல்லர், பார்கவி அம்மாளை மணந்து இல்லறம் நடத்தியவர். துன்பங்களால் மனம் சோர்ந்திருந்த வேளையில், 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு மன்னரின் படையில் சேர்ந்த டிலனாய் என்பவர் யோபுவின் வரலாற்றை இவருக்கு எடுத்துரைத்தார். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவியும் ஞானப்பூ என்னும் பெயருடன் அந்நெறியில் இணைந்தார்.

அவரது விசுவாசம் செபத்தோடு நின்றுவிடவில்லை. தாழ்த்தப்பட்டோர் இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்றிருந்த அந்நாட்டில், அவர்களோடு வேறுபாடின்றிப் பழகினார். உயர்குலத்தோர் சினந்தனர். 1749இல் சிறைப்பட்டார், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார். 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது கல்லறை கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் உள்ளது. 2012இல் அருளாளராகவும், 2022 மே 15இல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அப்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் நீக்கப்பட்டிருந்தது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தினுள், சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்துச் சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. புனிதரைப் போற்றுவது எளிது. அவரைப்போல் அடுத்தவரோடு அமர்வது அரிது என்பதற்கு இதுவே சான்று.

பள்ளியில் மதிய உணவு வேளையில் எந்தப் பிள்ளை எவரருகே அமர்கிறது என்பதையே நாம் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறோம். ஏட்டுக்கல்வி எவ்வளவு உள்ளே இறங்கியது என்பதை அந்த வரிசை காட்டிவிடும். விசுவாசத்திற்கும் அதுவே உரைகல்.

பிறர் நம்மைத் தள்ளி வைத்ததை எதிர்த்துப் பேசும் நாம், நமக்கும் கீழென்று எவரையேனும் கருதி அவர் வீட்டுத் தண்ணீரை மறுக்கின்றோமா? நம் கரிசல் ஊர்களில் அவ்வழக்கம் அறவே இல்லையென்று நெஞ்சறியச் சொல்ல இயலுமா? இளைஞர்களே, வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் உங்களுக்குத் தந்த கல்வி, அந்தச் சுவரை முதலில் நம் தெருவிலேயே இடிக்கட்டும். தேவசகாயத்திற்கு நாம் செய்யும் வணக்கம் அதுவே.