வான வலவர் மன்மோகன் சிங்

வானத்தில் பறத்தல் வேண்டும் என்னும் வேட்கை மக்கட்கு மிகப் பழைமையானது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் வேந்தன் தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் அமைந்த பொறி ஒன்றைச் செய்விக்கிறான். அதனை வலப்புறம் திருகினால் மேலே எழும். இடப்புறம் திருகினால் கீழே இறங்கும். பொறியைச் செய்வித்த அளவில் வேந்தன் அமைந்தானல்லன்; அதனைச் செலுத்தும் முறையைத் தேவி பயிலுமாறும் செய்தான். பகைவர் அரண்மனையைச் சூழ்ந்த நாளில், அப்பயிற்சியே அவளைக் காத்தது. ஊர்தி இருத்தல் மட்டும் போதாது. அதனைச் செலுத்தக் கற்றலும் வேண்டும் என்பதை இக்கதையால் நாம் அறிகிறோம்.

ஊர்தியைச் செலுத்துவோனை நம் முன்னோர் வலவன் என்று வழங்கினர். வானூர்தி செலுத்தும் கலையைக் கடல் கடந்து கற்று, தாய்நாட்டுக்கு வான்வழியே தனித்து வந்த வலவர் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர் பெயர் மன்மோகன் சிங் என்பது. நம் நாட்டின் தலைமை அமைச்சராக விளங்கிய மன்மோகன் சிங் வேறு; இவர் வேறு. இவர் அவருக்கு ஒரு தலைமுறை முற்பட்டவர்.

மன்மோகன் சிங் 1906-ஆம் ஆண்டில் இராவல்பிண்டி நகரில் சீக்கியர் குடியில் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில் இருந்தது. இன்று பாகிஸ்தானில் உள்ளது. இளமையிலேயே பொறியியல் கற்கும் விருப்பத்தால் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். பிரிஸ்டல் நகரில் பொறியியல் பயின்றார். பின்னர் வானூர்திப் பொறியியலையும் வானூர்தி செலுத்தும் கலையையும் அங்கேயே கற்றார்.

அக்கல்வியை அவர் நம் நாட்டிலேயே பெற்றிருத்தல் கூடாதோ என்று நீங்கள் வினவலாம். அக்காலத்தில் இந்தியர்க்கு விமானம் ஒரு காட்சிப் பொருளாகவே இருந்தது. 1910-ஆம் ஆண்டில், சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த தி ஆஞ்செலிஸ் என்னும் ஐரோப்பியர் தாம் அமைத்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். 1911-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள், பிரெஞ்சு விமானி ஒருவர் அலகாபாத்திலிருந்து ஆற்றைக் கடந்து நைனி என்னும் இடத்திற்கு அஞ்சல் மூட்டையை விமானத்தில் கொண்டு சென்றார். மக்கள் திரளாகக் கூடி வியந்தனர். ஆயினும், அவ்வித்தையை இந்திய இளைஞர்க்குக் கற்பிக்கும் நிலையம் நெடுங்காலம் தோன்றவில்லை. பம்பாய், கல்கத்தா, தில்லி முதலிய நகரங்களில் விமானப் பயிற்சிச் சங்கங்கள் எழுந்தது 1928-ஆம் ஆண்டை ஒட்டியேயாகும். பம்பாய்ச் சங்கத்தில் பயின்ற ஜே. ஆர். டி. டாட்டா 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள் பெற்ற உரிமமே, இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானி உரிமமாகும். அதற்கு முன்னர் அக்கலையை விரும்பியவர் கடல் கடந்தே ஆகவேண்டும்.

விமானப் பயிற்சி எளிதன்று. அக்காலப் பயிற்சி விமானத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள் இருக்கும். ஆசிரியர் ஒன்றிலும் மாணவர் மற்றொன்றிலும் அமர்வர். இருவர்க்கும் தனித்தனிச் செலுத்துகோல் உண்டு. மாணவர் பிழைபட ஓட்டினால் ஆசிரியர் அப்போதே திருத்துவார். கைப்பழக்கம் முதிர்ந்த பின்னரே மாணவரைத் தனியே பறக்கவிடுவார். திசைகாட்டியையும் நிலப்படத்தையும் கொண்டு வழியறிதல், காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும் அளவைக் கணக்கிடுதல், பொறியின் பழுதைக் கண்டறிந்து நீக்குதல் ஆகியவையும் அப்பயிற்சியில் அடங்கும்.

மன்மோகன் சிங் கற்ற கலையைச் சோதிக்கும் காலம் விரைவில் வந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எத்திசையிலேனும், துணையின்றித் தனித்து விமானம் ஓட்டி முடிக்கும் முதல் இந்தியர்க்கு 500 பவுன் பரிசளிப்பதாக 1929-ஆம் ஆண்டு இறுதியில் ஆகா கான் அறிவித்தார். பயணம் குறித்த கால எல்லைக்குள் முடிதல் வேண்டும் என்பது விதி. வழியோ ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். ஐரோப்பிய மலைகள், நடுநிலக் கடல், மேற்கு ஆசியப் பாலைவனங்கள், பாரசீக வளைகுடா ஆகியவற்றைக் கடந்தால்தான் கராச்சியை அடையலாம்.

மன்மோகன் சிங் ஜிப்சி மாத் என்னும் சிறு விமானத்தைத் தேர்ந்தார். அது மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தி அமைக்கப்பட்டது. மேலும் கீழுமாக ஈரடுக்கு இறக்கைகளை உடையது. விமானி அமரும் இடத்திற்கு மேற்கூரை இல்லை. மழையும் பனியும் வெயிலும் அவர் முகத்திலேயே தாக்கும். தரையோடு பேசுவதற்கு வானொலிக் கருவியும் அதில் இல்லை. அதற்கு அவர் மிஸ் இந்தியா என்று பெயரிட்டார். இந்தியச் செல்வி என்பது அதன் பொருள்.

1930-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் புறப்பட்டார். மூடுபனியும் கடுங்காற்றும் வழியை மறைத்தன. ஒருமுறைக்கு மேற்பட்டுப் புறப்பட்டும், ஐரோப்பாவைக் கடக்க இயலாமல் அவர் இங்கிலாந்துக்கே மீள நேர்ந்தது. ஆங்கிலத்தில் மிஸ் என்னும் சொல் செல்வியையும் குறிக்கும், குறிதவறுதலையும் குறிக்கும். விமான இதழ் ஒன்றின் ஆசிரியர் இவ்விரு பொருளையும் கொண்டு, இவர் தம் விமானத்திற்கு இட்ட பெயருக்கேற்ப இந்தியாவைத் தவறவே விடுவார் என்று நகையாடி எழுதினார். படித்தோர் சிரித்தனர். மன்மோகன் சிங் மறுமொழி எழுதுவதில் காலத்தைக் கழிக்கவில்லை. விமானத்தைச் செப்பனிட்டு மீண்டும் புறப்பட்டார்.

அதே காலத்தில் வேறிருவரும் போட்டியில் இறங்கினர். ஒருவர் பதினேழு வயதே நிரம்பிய ஆஸ்பி எஞ்சினியர். அவரும் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். மற்றொருவர் ஜே. ஆர். டி. டாட்டா, அவர் கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றார். எகிப்து நாட்டின் அபூகிர் என்னும் இடத்தில் டாட்டா இறங்கியபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் கிடைக்காமல் தவித்து நிற்பதைக் கண்டார். போட்டியாளர் என்று கருதாமல், தம்மிடம் உபரியாக இருந்ததை அவருக்கு அளித்தார். அவ்வுதவியால் ஆஸ்பி பயணத்தைத் தொடர்ந்து, 1930-ஆம் ஆண்டு மே திங்களில் கராச்சியை அடைந்து பரிசைப் பெற்றார். அவர் பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார்.

மன்மோகன் சிங்கிற்கு நேர்ந்தது யாது? இம்முறையும் பிரெஞ்சு நாட்டில் அவர் சதுப்பு நிலத்தில் இறங்க நேர்ந்தது. விமானத்தை மீட்டுச் செப்பனிடுவதில் நாள்கள் கழிந்தன. காலம் கடந்துவிட்டது, பரிசு இனிக் கிட்டுதல் அரிது. மற்றொருவராயின் இங்கிலாந்துக்குத் திரும்பியிருப்பர். அவரோ இந்தியாவை நோக்கியே பறந்தார். அதே மே திங்களில் அவருடைய விமானம் கராச்சியில் இறங்கியது. கால எல்லை கடந்தமையால் பரிசு அவருக்கு மறுக்கப்பட்டது. ஆயினும், இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியே பறந்து வந்த முதல் இந்தியர் என்று அவரைப் போற்றுவோர் பலர். அந்த இதழாசிரியரின் நகைமொழி பொய்த்தது. மிஸ் இந்தியா இந்தியாவைத் தவறவிடவில்லை.

கற்ற கலையே அவருக்குத் தொழிலுமாயிற்று. பாட்டியாலா மன்னர் அவரைத் தம் விமானியாக அமர்த்திக்கொண்டார். 1930-களில் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும் அவர் தனியே பறந்து சென்றார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது மன்மோகன் சிங் இந்திய விமானப்படையின் தொண்டர் பிரிவில் சேர்ந்தார். நீரிலிருந்தே எழுந்து நீரிலேயே இறங்கும் படகு விமானங்களைச் செலுத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்துச் சாவகத் தீவும் தாக்கப்பட்டது. அங்கிருந்து தப்பிய மக்களைப் படகு விமானங்கள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள புரூம் என்னும் சிற்றூருக்குக் கொண்டுவந்தன. மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் காலையில், பெண்டிரும் குழந்தைகளும் நிறைந்த விமானங்கள் அவ்விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்றன. அப்போது ஜப்பானியப் போர் விமானங்கள் தாழப் பறந்து வந்து சுட்டன. நீரில் நின்ற படகு விமானங்கள் யாவும் எரிந்து மூழ்கின. உயிர் துறந்தோர் 80-க்கும் மேற்பட்டோர். அவருள் மன்மோகன் சிங்கும் ஒருவர். அப்போது அவருக்கு நாற்பது வயதும் நிரம்பவில்லை.

மாணவர்களே! இன்று நம் நாட்டிலேயே விமானப் பயிற்சிப் பள்ளிகள் பல உள்ளன. ஆயினும், அமெரிக்கா, கானடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று பயிலும் இந்திய இளைஞரும் உளர். வாணிக விமானி உரிமம் பெறப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தலும், 200 மணி நேரமேனும் பறந்திருத்தலும் வேண்டும். அப்பயிற்சிக்கு ஆகும் பொருட்செலவோ பெரிது. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் இருக்கின்றனர். எனவே, அப்பள்ளியின் தகுதியையும், அங்குப் பெறும் உரிமத்தை நம் நாட்டு உரிமமாக மாற்றிக்கொள்ளும் முறையையும் முன்னரே நன்கு அறிந்து செல்லுதல் கடமையாகும்.

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டியின் கரும்பு வயல் வரப்பில் நின்று, வானில் செல்லும் விமானத்தை அண்ணாந்து நோக்கும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் அவ்வேட்கை எழலாம், எழுதல் நன்றே. அவர்கள் இப்போதே கணக்கையும் இயற்பியலையும் ஊன்றிக் கற்றல் வேண்டும். வழியில் ஒருமுறை இறங்க நேர்ந்தால், பழுதை ஆராய்ந்து நீக்கி மறுபடியும் எழுதல் வேண்டும். பரிசு போயிற்று என்று தெரிந்த பின்னும் கராச்சி வரை பறந்த மன்மோகன் சிங்கை அப்போது அவர்கள் நினைவு கூர்வாராக.