நான் அறிந்த முத்துசாமி தீட்சிதர்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. இசையை முறையாகக் கற்றவர் எவரும் இல்லை. இப்படிப்பட்ட நான் கருநாடக இசை மேதை ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவது நண்பர்களுக்கு நகைப்பைத் தரலாம். கேட்பதற்குக் காது போதும் என்னும் துணிவில்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நாகசுரக்காரர் முதலில் எடுப்பது பெரும்பாலும் ஒரே பாட்டுத்தான். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே சிறு வயதில் எனக்குத் தெரியாது. பந்தியில் இலை போடும் நேரம் நெருங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. அது 'வாதாபி கணபதிம்' என்றும், ராகம் அம்சத்வனி என்றும் பின்னாளில் அறிந்தேன். அந்த ராகத்தை அமைத்தவர் ராமசாமி தீட்சிதர். அதில் அந்தப் பாடலை இயற்றியவர் அவருடைய மூத்த மகன் முத்துசாமி தீட்சிதர். தந்தை திருத்திய நிலத்தில் மகன் பயிர் செய்தார் எனலாம். எங்கள் குடும்பத்தில் பயிர்த் தொழில் என் தந்தையாரோடு நின்றுவிட்டது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் இப்போது ஷிப்டு வேலை பார்க்கிறார். ஆகையால் அம்சத்வனியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தந்தை மகன் நினைவு வந்துவிடுகிறது.

முத்துசாமி தீட்சிதர் 1775–76க்குரிய மன்மத ஆண்டில், பங்குனி மாதம், திருவாரூரில் பிறந்தார். சியாமா சாஸ்திரிகளும் (1762) தியாகராசரும் (1767) பிறந்தது அதே ஊரில்தான். பின்னர் குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்குக் குடிபெயர்ந்தது. கோட்டையில் வெள்ளையரின் பாண்டு வாத்தியம் ஒலித்த காலம் அது. இளைஞரான தீட்சிதர் அந்த மெட்டுகளைக் கேட்டார்; காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவற்றுக்கு வடமொழியில் சொற்களை அமைத்துத் தெய்வப் பாடல்களாக்கினார். அவையே நோட்டு சுவரங்கள். ஏறத்தாழ நாற்பது கிடைத்துள்ளன. இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டு ஒன்று அம்மனை வணங்கும் பாட்டாகிவிட்டது! அவர் தம்பி பாலுசாமியோ வெள்ளையரின் பிடிலையே கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். நான் முதன்முதலில் முழுமையாகப் பாடக் கற்றது ஒரு நோட்டு சுவரத்தைத்தான். எளிய நடை, குழந்தைகளும் பாடலாம்.

சிதம்பரநாத யோகி என்பாருடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். வடநாட்டு இசையின் நிதானம் அவர் பாடல்களில் படிந்தது அங்கேதான் என்பர். திரும்பி வந்தபின் திருத்தணியில் முதற் கீர்த்தனை பிறந்தது. அதனால் முருகனைக் குறிக்கும் குருகுக என்பது அவர் முத்திரையாயிற்று.

அடுத்து நம் காஞ்சிபுரம். அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்து உபநிடத பிரம்மம் என்னும் துறவியுடன் பழகினார். ஐம்பூதத் தலங்களுக்கு அவர் பாடிய ஐந்தில் நிலத்துக்குரியது ஏகாம்பரநாதர் மீது பைரவியில் அமைந்த 'சிந்தய மா கந்த'. வாலாஜாபாத் வழிப் பேருந்தில் கைப்பேசியில் அதைக் கேட்டுக்கொண்டே ஒருநாள் அந்தக் கோயிலுக்குப் போனேன். முதல் முறை கேட்டபோது தூக்கம் வந்தது உண்மை. அவ்வளவு மெதுவான நடை. நான்காம் முறைக்குப் பிறகுதான், அந்த மெதுவே அதன் பலம் என்பது புலப்பட்டது. ஒவ்வொரு சுவரமும் வீணைத் தந்தியில் இழுபட்டு, அடுத்ததைத் தொட்டுவிட்டு, மீண்டும் தன் இடத்துக்கு வருகிறது. தேங்காயை உடைப்பது போன்றது தீட்சிதர் இசை என்று பெரியோர் ஒப்பிடுவது சரியே.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பாடல் இது எதுவும் அன்று. திருவாரூரில் தீட்சிதருக்குச் சுத்த மத்தளம் தம்பியப்பன் என்று ஒரு சீடர் இருந்தார். அவரைக் கொடிய வயிற்றுவலி வாட்டியது. குரு கிரகத்தின் பீடை என்று கருதினார் தீட்சிதர். அதற்குரிய மந்திர செபமோ மத்தளம் வாசிப்பவருக்கு அன்றைய வழக்கில் எட்டாதது. தீட்சிதர் அடாணா ராகத்தில் 'பிருகஸ்பதே' என்ற கீர்த்தனையை இயற்றித் தம்பியப்பனைப் பாடச் சொன்னார் என்றும், வலி நீங்கியது என்றும் செவிவழி வரலாறு கூறுகிறது. ஞாயிறு முதல் சனி வரையிலான ஏழு கோள்களுக்கும் ஏழு சூளாதி தாளங்களில் அவர் பாடல்கள் அமைத்திருக்கிறார்.

பாட்டில் வயிற்றுவலி தீருமா என்று இயற்பியல் மாணவனிடம் கேட்காதீர்கள். என் மனம் நிற்பது வேறிடத்தில். ஓதக் கூடாதவர் என்று ஊர் ஒதுக்கியவருக்குப் பாடலாம் என்று ஒரு பின்வாசலைத் திறந்துவிட்டார் அந்த ஆசிரியர். முன்வாசலையே திறந்திருக்கலாமே என்று என் தோழன் வாதிடுவான். நியாயமான கேள்விதான். தமிழ்ச் சொற்கள் கலந்த பாடல்களை மிகச் சிலவே தந்தார் என்னும் மனக்குறை எனக்கும் உண்டு. இருப்பினும் அந்த அடாணா என்னை விடுவதில்லை. இரவு ஷிப்டு முடிந்து வந்த என் தந்தையாருக்கு ஒரு காலையில் இந்தக் கதையைச் சொல்லிப் பாடலைப் போட்டேன். பொருள் அவருக்கும் புரியவில்லை, எனக்கும் பாதிதான். அதன்பின் இரண்டு முறை மத்தளக்காரர் பாட்டை வைக்கும்படி அவராகவே கேட்டார்.

தீட்சிதரின் இறுதி நாட்கள் எட்டயபுரத்தில் கழிந்தன. தம்பி பாலுசாமி அங்கே அரசவை இசைவாணராக இருந்தார். 1835இல், தீபாவளி நாளன்று, சீடர்கள் மீனாட்சி மீதான அவருடைய பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கையில் உயிர் பிரிந்தது என்பர். குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலில் அப்பாடல்களைச் சுவரப்படுத்தி வெளியிட்டார். அதனால்தான் அவை இன்று என் பேருந்துவரை வந்திருக்கின்றன.

எட்டயபுரத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. தீட்சிதரின் சமாதியும் பாரதியார் பிறந்த வீடும் அங்கே ஒரே ஊரில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு கல்விச் சுற்றுலாவுக்கு ஊர் கேட்டால், துறைத் தலைவர் அவர்களே, என் வாக்கு எட்டயபுரத்துக்கே.