கால்பந்தாட்ட ஆசான் இரகீம்

ஆசிரியரின் பணி வகுப்பறையோடு முடிவதன்று. விளையாட்டுத் திடலையே பள்ளியாகவும், ஆட்டக்காரரையே மாணவராகவும் கொண்டு, இந்திய நாட்டிற்குப் பெரும்புகழ் தேடித் தந்தார் ஓர் ஆசிரியர். அவரே சையது அப்துல் இரகீம்.

இரகீம் 1909 ஆம் ஆண்டு ஐதராபாத் நகரில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். பயிலும் நாளிலேயே அப்பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவிற் சிறந்து விளங்கினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராய் அமர்ந்தார். உடற்பயிற்சிக் கல்வியிலும் பட்டயம் பெற்றுப் பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பினை ஏற்றார். ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளராகவும் தொண்டாற்றினார்.

இளைஞர்களைப் பயிற்றுவதில் அவர் புதுமுறைகளைக் கையாண்டார். பந்தைத் தாமே உருட்டிச் செல்லாமல், வந்தவுடன் தோழருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் நடத்திய ஒருவகைப் போட்டியின் விதி. பழக்கமில்லாத காலாலேயே பந்தை உதைத்தல் வேண்டும் என்பது மற்றொரு வகையின் விதி. முன்னது தன்னலத்தைக் களைந்தது. பின்னது குறையை நிறைவாக்கியது.

1950 ஆம் ஆண்டில் அவர் ஐதராபாத் நகரக் காவலர் குழுவின் பயிற்சியாளரானார். அவ்வாண்டு முதல் 1954 வரை, பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை அக்குழு ஐந்து முறை தொடர்ந்து வென்றது. நாட்டின் குழுவைப் பயிற்றும் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951 இல் தில்லியில் நிகழ்ந்த முதலாம் ஆசிய விளையாட்டு விழாவில், இந்தியா ஈரானை 1-0 என வென்று பொற்பதக்கம் பெற்றது.

ஆனால், அடுத்த ஆண்டே பெருந்தோல்வி ஒன்று வந்துற்றது. ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என முறியடித்தது. நம்மவருட் பலர் அன்று காலணியின்றியே ஆடினர். இரகீம் மனம் உடைந்தாரல்லர். தோல்வியையே பாடமாகக் கொண்டார். அவ்விழாவில் முதலிடம் பெற்ற ஹங்கேரியரின் ஆட்டமுறையை ஆராய்ந்து, அதனைத் தம் குழுவிற்குக் கற்பித்தார். காலணி அணிந்து ஆடுதலும் விதியாயிற்று. நான்கே ஆண்டுகளில் அதன் பயன் விளைந்தது. 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, அரையிறுதி எய்திய முதல் ஆசிய நாடு என்னும் பெருமையைப் பெற்றது. 1960 இல் ரோம் நகரில், வலிமை மிக்க பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது.

இரகீமின் திறமைக்குக் கடுஞ்சோதனை 1962 இல் ஜகார்த்தாவில் நேர்ந்தது. இஸ்ரேல், தைவான் நாட்டினரை அவ்வாண்டின் ஆசிய விழாவிற்கு இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அதனை இந்திய அலுவலர் ஒருவர் கண்டித்ததால், அந்நகர மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா இந்தியாவை 2-0 என வென்றது. தாய்லாந்துடன் ஆடியபோது பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையிற் காயம்பட்டுத் தையலிட நேர்ந்தது. இரகீம் அவரை விலக்கவில்லை. பின்வரிசையினின்று முன்வரிசைக்கு மாற்றி ஆடவைத்தார். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிர்ப்பட்டது. காய்ச்சலுற்றிருந்த பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க நிறுத்தினார். மக்கள் கூச்சலிட்டு இகழ்ந்தும் நம்மவர் கலங்கவில்லை. பி. கே. பானர்ஜி ஒரு கோலும், தலையிற் கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடிக்க, இந்தியா 2-1 என வென்று பொற்பதக்கம் எய்தியது.

அதுவே இரகீமின் இறுதிப் பெருவெற்றியாயிற்று. புற்றுநோய் அவரைப் படுக்கையில் ஆழ்த்தியது. ஓராண்டு நிறைவதற்குள், 1963 சூன் 11 ஆம் நாள் அவர் மறைந்தார். அவருக்குப் பின், 2023 இல் நடைபெற்ற ஆசிய விழா வரையிலும், இந்திய ஆடவர் குழு அப்பொற்பதக்கத்தை மீண்டும் பெறவில்லை.

இரகீம் பந்தை உதைக்கும் வித்தையை மட்டும் கற்பித்தாரல்லர். தோற்றவிடத்தில் கற்கவும், கற்றதைத் தோழரோடு பகிரவும் கற்பித்தார். திடலில் மட்டுமன்றி வாழ்விலும் வெற்றி தருவன அவ்விரண்டுமேயாம்.