சட்ட ஆலோசகர் முதல் திவான் வரை: சர் சி. பி. இராமசாமி ஐயரின் பொதுவாழ்வில் சட்டமும் மக்கள் இசைவும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞராகத் தொடங்கி, திருவிதாங்கூர் மன்னரின் சட்ட, அரசமைப்பு ஆலோசகராகவும் பின்னர்த் திவானாகவும் உயர்ந்தவர் சர் சி. பி. இராமசாமி ஐயர் (1879-1966). அவர் வாழ்வில் முரண்களாகத் தோன்றும் நிலைமாற்றங்களுக்கு அடியில் ஒரு தொடர்ச்சி உண்டு. செம்மையாக வரையப்பட்ட சட்ட ஆவணம் அரசியல் சிக்கலைத் தீர்த்துவிடும் என்னும் நம்பிக்கையே அது. அந்நம்பிக்கை எங்கு வென்றது, எங்குத் தோற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: சி. பி. இராமசாமி ஐயர், திருவிதாங்கூர், ஆலயப் பிரவேசப் பிரகடனம், மேலாதிக்க உரிமை, பதினாறாவது திருத்தம்.

முன்னுரை

சி. பி. என்னும் ஈரெழுத்தால் அறியப்பட்ட இவரைப் பற்றிய மதிப்பீடுகள் இரு துருவங்களில் நிற்கின்றன. ஆலயக் கதவுகளைத் திறந்த சீர்திருத்தவாதி, தொழில்வளம் பெருக்கிய நிருவாகி என்பது ஒரு பார்வை. மக்கள் இயக்கங்களை அடக்கிய எதேச்சாதிகாரி என்பது மற்றொன்று. இரண்டிற்கும் சான்றுகள் உள்ளன. ஒரே மனிதரிடம் இவ்விரண்டும் எவ்வாறு அமைந்தன என்ற வினாவுக்கு அவருடைய வழக்கறிஞர் பயிற்சியிலிருந்து விடை தேட இடமுண்டு.

வழக்கறிஞர் வாழ்வு

வடஆர்க்காடு மாவட்டம் வந்தவாசியில் 1879 நவம்பர் 12 அன்று சி. பி. பிறந்தார். தந்தை பட்டாபிராம ஐயர் நீதித்துறையில் பணியாற்றியவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற சி. பி., 1903இல் வழக்கறிஞர் தொழிலில் நுழைந்து வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் பயிற்சி பெற்றார்.

அவருக்குப் பெரும்பெயர் ஈட்டித் தந்தது அடையாற்றைச் சார்ந்த ஒரு வழக்கு. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் அன்னி பெசன்ட்டின் பாதுகாப்பிலிருந்து மீட்க அவர்களுடைய தந்தை நாராயணய்யா 1912இல் வழக்குத் தொடுத்தார். செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய அவ்வழக்கு உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. தந்தையின் சார்பில் சி. பி. வாதிட, பெசன்ட் தமக்காகத் தாமே வாதிட்டார். உயர்நீதிமன்றத் தீர்ப்பு தந்தைக்குச் சாதகமாக அமைந்தது. சிறுவர்கள் அப்போது இங்கிலாந்தில் இருந்தமையால் செங்கற்பட்டு நீதிமன்றத்திற்கு அவ்வழக்கை ஏற்கும் அதிகாரம் இல்லை என்று கருதிய பிரிவிக் கவுன்சில், 1914இல் அத்தீர்ப்பை நீக்கியது. நியாயத்தின் கனத்தைவிட அதிகார வரம்பு என்னும் நுட்பமே வழக்கின் முடிவைத் தீர்மானித்தது. இந்தப் பாடம் சி. பி.யின் பிற்கால அரசியலில் எதிரொலிப்பதைக் காணலாம்.

எதிர்வழக்காடிய பெசன்ட்டின் தன்னாட்சி இயக்கத்திலேயே சி. பி. பின்னர் இணைந்தார். 1917இல் பெசன்ட் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டபோது இயக்கத்தை முன்னெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். காங்கிரசின் பொதுச்செயலாளர்களுள் ஒருவராகவும் விளங்கினார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது விலகி நின்றார். சட்டத்தை மீறுவதன் மூலம் உரிமை பெறும் வழி அவருடைய மனப்பாங்கிற்கு ஒவ்வாததாயிற்று.

1920இல் சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாகவும், 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிருவாகக் குழுவில் சட்ட உறுப்பினராகவும் பணியாற்றினார். மேட்டூர் அணை, பைக்காரா நீர்மின் திட்டம் ஆகியவற்றை முன்னெடுத்துச் சென்றதில் அவருக்குப் பங்குண்டு. ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கக் கூட்டங்களில் இந்தியப் பிரதிநிதியாகவும் கலந்துகொண்டார்.

ஆலோசகர் நிலை

சித்திரைத் திருநாள் பலராம வர்மா 1931 நவம்பரில் முழு அதிகாரத்துடன் ஆட்சிப் பொறுப்பேற்றபோது அவர் பத்தொன்பது வயதை நெருங்கியிருந்தார். இளம் மன்னருக்குச் சட்ட, அரசமைப்பு ஆலோசகராகச் சி. பி. அமர்த்தப்பட்டார். நிருவாகத் தலைவர் திவானே எனினும், மன்னரின் செவிக்கு நெருங்கியவர் ஆலோசகர். உத்தியோகங்களிலும் சட்டமன்றத்திலும் உரிய பங்கு கோரி ஈழவர், கிறித்தவர், முஸ்லிம்கள் நடத்திய நிவர்த்தனப் போராட்டம் இக்காலத்தது. வாக்குரிமை விரிவும் பணியாளர் தேர்வு முறையில் ஏற்பட்ட மாற்றமும் அப்போராட்டத்தின் விளைவுகள். 1936 அக்டோபரில் சி. பி. திவானானார்.

அடுத்த மாதமே, நவம்பர் 12 அன்று, மன்னரின் பிறந்தநாளையொட்டி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. பிறப்பாலோ சமயத்தாலோ இந்துக்களான எவருக்கும் அரசின் ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் நுழைந்து வழிபடத் தடையில்லை என அது அறிவித்தது. அதன் ஆக்கத்தில் சி. பி.யின் பங்கு பெரிதும் போற்றப்படுகிறது. எனினும் அதன் வேர்கள் அரண்மனைக்கு வெளியே இருந்தன. நாராயண குருவின் இயக்கம், பெரியார் சிறையேகிய 1924-25ஆம் ஆண்டு வைக்கம் போராட்டம், நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரம் சத்தியாக்கிரகம், மதமாற்றம் குறித்து ஈழவரிடையே எழுந்த விவாதம் ஆகியன களத்தைப் பண்படுத்தியிருந்தன. பல்லாண்டு நிகழ்ந்த போராட்டத்தின் முடிவைச் சில வரிகளில் சட்டமாக்கியதே பிரகடனத்தின் சிறப்பு. ஆகவே அது நிலைத்தது.

திவான் ஆட்சி

1937இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், பள்ளிவாசல் நீர்மின் நிலையம், ஆலுவாய்க்கு அருகில் அமைந்த உரத் தொழிற்சாலை, திருவனந்தபுரம்-கன்னியாகுமரி சிமென்டுச் சாலை ஆகியன அவர் ஆட்சியின் ஆக்கப்பணிகள். மரண தண்டனையும் 1944இல் நீக்கப்பட்டது.

மறுபுறம், 1938இல் உருவான திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரசு பொறுப்பாட்சி கோரியபோது அரசு அடக்குமுறையைக் கையாண்டது. நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. திவான்மீது குற்றஞ்சாட்டி மன்னரிடம் அளிக்கப்பட்ட மனுவைக் காந்தியடிகளின் அறிவுரைப்படி காங்கிரசார் திரும்பப் பெற்றனர். 1946இல் சி. பி. முன்வைத்த அரசமைப்புத் திட்டம், சட்டமன்றத்தால் நீக்கவியலாத நிருவாகத் தலைமையை வகுத்தது. அமெரிக்க முறையை ஒத்தது என்று வாதிடப்பட்ட அத்திட்டத்தில், அமெரிக்கக் குடியரசுத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர் என்ற அடிப்படை மட்டும் இடம்பெறவில்லை. எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புரை, வயலார்ப் பகுதிகளில் கயிறுத் தொழிலாளரும் பிறரும் எழுந்தபோது படை ஏவப்பட்டுப் பலர் மாண்டனர்.

தனிநாட்டு அறிவிப்பு

ஆங்கிலேயர் வெளியேறும்போது சமஸ்தானங்கள்மீது அவர்களுக்கிருந்த மேலாதிக்க உரிமை முடிவுறும் என்றும், அது புதிய இந்திய அரசுக்குக் கைமாறாது என்றும் 1946இல் அமைச்சரவைத் தூதுக்குழு தெளிவுபடுத்தியிருந்தது. எனவே உரிமைகள் மன்னரிடமே திரும்பும், அதனால் திருவிதாங்கூர் தனிநாடாகலாம் என்று சி. பி. வாதிட்டார். 1947 ஜூன் 11 அன்று அம்முடிவை அறிவித்தார். சட்டத்தின் சொற்களை மட்டும் நோக்கினால் வாதம் வலுவானது. கடற்கரைத் தோரிய மணல், துறைமுகங்கள், அயல்நாட்டு வணிகம் ஆகியன அதற்குப் பொருளியல் வலிமை சேர்த்தன.

ஆனால் மன்னரிடம் திரும்பும் உரிமை மக்களுடையதா என்னும் வினாவை அவ்வாதம் எழுப்பவே இல்லை. மாநிலக் காங்கிரசும் இடதுசாரிகளும் அதை எதிர்த்தனர். தென்வட்டத் தமிழரின் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசோ தமிழ்ப்பகுதிகளைப் பிரித்துத் தமிழகத்துடன் சேர்க்கவே விழைந்தது. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் இசைக் கல்லூரி விழாவிலிருந்து வெளிவருகையில் சி. பி. வெட்டுண்டு காயமுற்றார். வெட்டியவர் கே. சி. எஸ். மணி என்னும் சோசலிச இளைஞர். சில நாள்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார், ஆகஸ்டில் சி. பி. பதவி நீங்கினார்.

பிற்கால வாழ்வு

அதன்பின் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கும் துணைவேந்தராக இருந்தார். 1960களின் தொடக்கத்தில் இந்து சமய அறநிலைய ஆணையத்திற்குத் தலைமை தாங்கினார். தேசிய ஒருமைப்பாடு, வட்டாரவாதம் பற்றி ஆய்ந்த குழுவின் தலைமையும் அவரிடம் வந்தது. பிரிவினைக் கோரிக்கையைச் சட்டத்தால் தடுக்க அக்குழு பரிந்துரைத்ததன் தொடர்ச்சியாக 1963இல் அரசமைப்பின் பதினாறாவது திருத்தம் நிறைவேறியது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகத் தேர்தல் வேட்பாளர்கள் உறுதிமொழி ஏற்பது அதனால் கட்டாயமாயிற்று. திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்ட பின்னணியில் இத்திருத்தம் முதன்மையானது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் தனிநாடு அறிவித்தவரே பிரிவினைத் தடைக்கு வழிவகுத்தார். 1966 செப்டம்பர் 26 அன்று இலண்டனில் காலமானார்.

முடிவுரை

கட்சி மாறி வாதிடுதல் வழக்கறிஞருக்கு இயல்பு. எத்தரப்பை ஏற்றாலும் கையாளும் கருவி ஒன்றே. 1936, 1947, 1963 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சி. பி. கையாண்டது அக்கருவியையே. முதலாவதில் மக்கள் போராடிப் பெற்ற நியாயத்திற்குச் சட்டம் வடிவம் தந்தது. இரண்டாவதில் மக்களைப் புறந்தள்ளிச் சட்டம் தனித்து நின்று வீழ்ந்தது. மூன்றாவதில் மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமே பரிந்துரையை ஏற்றது. எனினும் ஒரு கோரிக்கையை வாதத்தால் வெல்லாமல் தடையால் அகற்றியது முறைதானா என்னும் விவாதம் முடியவில்லை. அவரை முற்றாகப் புகழ்வதைவிடவும் பழிப்பதைவிடவும், ஆலோசகரின் அறிவாற்றல் மக்களின் இசைவுக்கு ஈடாகாது என்பதற்கான சான்றாக அவர் வாழ்வைக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.