நத்தையைக் கொன்ற சோப்புக்காய்
எத்தியோப்பியாவின் டாக்டர் அக்லிலு லெம்மா

அபிசீனியா என்று அந்நாளில் சொல்வார்களே, அந்த எத்தியோப்பியாவின் வடபகுதியில் அட்வா என்றோர் ஊர். 1964-ஆம் ஆண்டு அங்கே ஓடையில் பெண்கள் துணி துவைத்துக் கொண்டிருந்தார்கள். அவர்கள் துவைத்த இடத்துக்குச் சற்றுக் கீழே நத்தைகள் ஏராளமாகச் செத்து மிதந்தன!

இதைக் கண்டு நின்றார் டாக்டர் அக்லிலு லெம்மா. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய இளைஞர். அவர் தேடி வந்ததும் நத்தைகளைத்தான். காரணம், பில்ஹார்சியா நோய்.

இந்நோயின் புழு மனிதரின் இரத்தக் குழாயில் குடியிருக்கும். அதன் முட்டை மலத்தோடும் சிறுநீரோடும் வெளியேறித் தண்ணீரில் பொரிக்கும். குஞ்சுப் புழு நத்தைக்குள் புகுந்து பல்லாயிரமாகப் பெருகி வெளியே வரும். தண்ணீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். குடலும் ஈரலும் கெடும். நத்தை ஒழிந்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

பெண்கள் அழுக்குப் போக்கப் பயன்படுத்தியது எண்டோட் என்னும் செடியின் காய். நம் ஊர்ப் பூந்திக்கொட்டை போல நுரை தருவது. அக்லிலு மேல்புறத்திலிருந்து உயிருள்ள நத்தைகளைப் பிடித்து வந்து அந்த நுரையில் போட்டார். அவையும் மாண்டன.

மேனாட்டு நத்தைக்கொல்லி மருந்துகளின் விலை ஏழை நாட்டுக்கு எட்டாதது. இதுவோ வேலியில் விளைவது! அட்வாவில் 1969 முதல் ஐந்தாண்டுகள் சோதனை நடந்தது. சிறு குழந்தைகளில் நூற்றுக்கு 50 பேரைப் பிடித்திருந்த நோய் 7 பேராகக் குறைந்தது.

ஆனாலும் சர்வதேச நிபுணர்கள் அசையவில்லை. நச்சுத்தன்மைச் சோதனைகள் தங்கள் முறைப்படி நடந்தாக வேண்டும் என்றார்கள். கேட்டதில் தவறில்லை, எண்டோட் மீன்களையும் கொல்லும். ஆனால், அந்தச் சோதனைக்குப் பணம் தர ஆளில்லாமல் பல்லாண்டுகள் வீணானதை என்ன சொல்வது?

1989-இல், மாற்று நோபல் எனப்படும் ஸ்வீடன் நாட்டுப் பரிசு அவருக்கும், அவரோடு உழைத்த லெகெஸ்ஸே வோல்டே-யோஹன்னஸுக்கும் கிடைத்தது. அதன் பின்னரே அமெரிக்கா விழித்தது. அங்குள்ள ஏரிகளில் குழாய்களை அடைத்த சிப்பிகளையும் எண்டோட் கொல்லும் என்று தெரிந்ததும், டொலேடோ பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றுக்கொண்டது! துணி துவைத்த பெண்களின் கைச்சரக்கு அது.

அக்லிலு 1997-இல் காலமானார். இப்போது பில்ஹார்சியாவுக்கு பிராசிகுவான்டல் மாத்திரையே முதல் சிகிச்சை. மாத்திரை தின்றவர் மறுபடி அதே தண்ணீரில் இறங்கினால் நோய் திரும்பவும் பற்றும். நத்தை அங்கேயேதான் இருக்கிறது. அடிஸ் அபாபாவில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்று அவர் பெயரால் நடக்கிறது.