ரட்ஜ் பைக்கைப் பிரித்த ஜி.டி. நாயுடு

ஹயபூசா வீடியோ பார்த்திருப்பீங்க. ஸ்பீடோமீட்டர் 299 வரைக்கும் போகும், அதுக்கு மேல காட்டாது. எஞ்சினில் தெம்பு இல்லாம இல்ல. 1999-ல் வந்த முதல் பூசா 300-ஐத் தாண்டியது. ஐரோப்பாவில் தடை வந்துடுமோன்னு கம்பெனிகளே பேசி வச்சு 299-ல் பூட்டுப் போட்டுக்கிட்டாங்க. அந்தப் பூட்டு ஈசியு-வுக்குள்ள இருக்கு. கியர் சென்சார் அனுப்புற வோல்டேஜை வச்சு வண்டி டாப் கியரில் இருக்குன்னு தெரிஞ்சுக்கும், ஆர்.பி.எம். எல்லையைத் தொட்டதும் எஞ்சினை அடக்கிடும். இதை ஏமாத்த சின்ன ரெசிஸ்டர் வச்ச ஒரு டப்பா போதும். எப்பவும் அஞ்சாவது கியர்னு பொய் சொல்லிக்கிட்டே இருக்கும், ஆறாவது கியருக்கான பூட்டு விழவே விழாது. (நம்ம விருதுநகர் நாலுவழிச் சாலையில் இதை முயற்சி பண்ணிடாதீங்க. சர்வீஸ் ரோட்டிலிருந்து ஆடு எப்ப வரும்னு எந்த ஈசியு-வுக்கும் தெரியாது.)

இப்படி வெளிநாட்டு பைக்கைப் பிரிச்சுப் பார்க்கிற ஆசை நம்ம ஊர்ல யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்ச பெரிய பெயர் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மா இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரல, ஆரம்ப வகுப்புகளோடு நின்னுட்டார். அப்புறம்தான் அந்த வண்டி கண்ணில் பட்டது: ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள், இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செஞ்சது. மாடு இழுக்காம, ஆள் மிதிக்காம ஓடுதே, எப்படி? தெரிஞ்சே ஆகணும். கோயம்புத்தூர் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். மூணு வருஷம் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார்.

வாங்கினவர் ஊர் சுத்திக் காட்டியிருக்கலாம். இவர் முழுசா பிரிச்சுட்டார். பிரிச்சதைத் திரும்பப் பூட்டி ஓடவும் வச்சார். அந்தக் கால பைக்கில் லிமிட்டர் எல்லாம் கிடையாது. பெட்ரோலுக்கு ஒரு லீவர், காத்துக்கு ஒரு லீவர், ரெண்டையும் ஓட்டுறவர் கையாலேயே சரி பண்ணிக்கிட்டே போகணும். காதும் விரலும்தான் ஈசியு. அவரை மெக்கானிக் ஆக்கினது அந்த வண்டிதான்னு நான் நினைக்கிறேன்.

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் சம்பாதிச்சு, பம்பாய் போய் எல்லாத்தையும் இழந்துட்டு வந்த கதையும் உண்டு. ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920-ல் ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். பஸ் கம்பெனி. (நம்ம சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்க கல்கத்தாவுக்கு ரயில் ஏறினதும் கிட்டத்தட்ட அதே சமயம், 1922-ல். அந்தத் தலைமுறைக்கே ஏதோ ஒரு வேகம் இருந்திருக்கு.) 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் அவர் செஞ்ச மின்மோட்டாரைத்தான் இந்தியாவின் முதல் மின்மோட்டார்னு சொல்றாங்க. பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், 70 ரூபாய் ரேடியோன்னு பட்டியல் நீளும். 1936 தேர்தலில் நின்னு தோத்ததும் அதே ஆள்தான்.

1952-ல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செஞ்சார். விலை 2,000 ரூபாய். தயாரிக்க அரசு லைசென்ஸ் தரல, வண்டி அதோட நின்னுபோச்சு. பூசாவோட பூட்டை நாற்பது ரூபாய் ரெசிஸ்டரால் ஏமாத்தலாம். டெல்லி ஃபைலை ஏமாத்த அவருக்கே வழி தெரியல.

ஆனா நீங்களும் நானும் நின்னு யோசிக்க வேண்டிய இடம் 1945. தன் பணத்தைக் கொடுத்து கோவையில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி தொடங்கினார். அப்போதைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரையே அதுக்கு வச்சாங்க. நம்ம பாடத்தில் கவர்னர்னா எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துற கருவி, பொருத்தத்தைப் பாருங்க! நாயுடுதான் முதல் முதல்வர். நாலு வருஷப் படிப்பு மாணவர்களோட காலத்தை வீணாக்குது, இதைவிடக் குறைவான காலத்திலேயே சொல்லிக்கொடுத்துடலாம்னு வாதிட்டார். ஒத்துக்கல. பதவியை விட்டுட்டு வெளியே வந்தார்.

நான் இப்ப எட்டாவது செமஸ்டர். அவர் சொன்னது முழுக்கச் சரின்னு எனக்குத் தோணல. மேத்ஸ், தெர்மோ எல்லாம் மண்டையில் ஊற நேரம் வேணும். ஒரு ரட்ஜைப் பிரிச்சுப் பார்க்கிறதால மட்டும் அது வந்துடாது. ஆனா இந்த நாலு வருஷத்தில் ஒரு எஞ்சினையாவது நம்ம கையால முழுசா பிரிச்சுப் பூட்டியிருக்கோமான்னு கேட்டா, எங்க பேட்ச்சில் கை தூக்குறவங்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏத்திடலாம். உங்க பேட்ச்சில் எத்தனை பேர்?

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். ஆர்தர் ஹோப் கல்லூரிதான் இப்போ கோவை ஜி.சி.டி. அங்கேயும் பி.இ. நாலு வருஷம்தான். 2025 அக்டோபரில் திறந்த, 10 கிலோமீட்டர் நீள அவினாசி ரோடு மேம்பாலத்துக்கு அவர் பெயரை வச்சிருக்காங்க.