நகம் வெளுத்தது ஏன்? விடை தேடிய டாக்டர் லூசி வில்ஸ்



உங்க கை நகத்தை ஒரு தடவை பாருங்க. சின்ன வயசுல கொக்கு பறக்கும்போது ரெண்டு கை நகத்தையும் உரசி, பூப் போடச் சொல்லிக் கேட்போமே, அதே நகம்தான். அந்த வெள்ளைப் பூ பெரும்பாலும் நகத்தில் எப்போதோ பட்ட சின்ன அடியால் வருவது. அதுக்கும் புதுத்துணிக்கும் சம்பந்தம் இல்லை! ஆனால் நகம் வேறு சேதிகள் சொல்லும். நகத்துக்கு அடியில் ரத்தம் ஓடுவதால் அது இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. ரத்தசோகை வந்தால் வெளுத்துப்போகும். இரும்புச்சத்து ரொம்ப நாள் குறைவாக இருந்தால் கரண்டி மாதிரி நடுவில் குழியலாம். அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பாக்குறாங்க, நாக்கைப் பாக்குறாங்க, நகத்தையும் பாக்குறாங்க.

நகம் வெளுத்திருக்குன்னு கண்டா மட்டும் போதுமா? ஏன் வெளுத்தது என்று தெரிய வேண்டாமா? அந்தக் கேள்விக்கு ஒரு விடையை நம் நாட்டுக்கே வந்து தேடியவர்தான் டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார்.

அவர் 1888-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911-இல் தேர்வு எழுதித் தேறினார். ஆனால் அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் கொடுக்க மாட்டார்கள்! 1948-இல்தான் அந்த நிலைமை மாறியது. அவர் மனம் தளரவில்லை. லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920-இல் டாக்டர் ஆனார்.

1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைத் தாய்மார்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்தது. பலர் இறந்தும் போனார்கள். ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்து லூசி அம்மையார் அதை ஆராய்ந்தார். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இந்தத் தாய்மார்களின் ரத்தத்திலோ அவை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன! நகத்தைப் பாத்தா ரெண்டு நோயும் ஒண்ணுபோல வெளுப்புதான். மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

அவர் நம்ம தமிழ்நாட்டிலும் வேலை செய்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1929-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். அதுதான் இன்று கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை.

அந்தத் தாய்மார்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கவனித்து, அதே மாதிரிச் சத்துக் குறைந்த சாப்பாட்டை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் ரத்தசோகை வந்தது. ஆக, குறை சாப்பாட்டில்தான் இருக்கிறது! பிறகு எதைக் கொடுத்தால் சரியாகும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் குரங்கு தேறியது. தாய்மார்களும் தேறினார்கள். அது விலை மலிவான பொருள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். 1931-இல் இதை உலகத்துக்கு எழுதி அறிவித்தார்.

மார்மைட்டில் இருந்த அந்தச் சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-இல் பசலை வகைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் மொழியில் ஃபோலியம் என்றால் இலை. பிறகு அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த நம் எல்லாப்பிரகடா சுப்பாராவ்!

லூசி அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெரிய டாக்டர் ஆன பிறகும் லண்டனில் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் காலமானார்.

தோழிகளே, இது பழைய கதை என்று நினைக்காதீங்க. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். பம்பாயில் அன்று பஞ்சாலைத் தாய்மார்கள் என்றால், நம்ம தென்காசிப் பக்கம் விடிஞ்சதுல இருந்து குனிஞ்சு உக்காந்து பீடி சுத்துற அம்மாக்கள். எல்லாருக்கும் பரிமாறிட்டு மிச்சம் இருந்தா சாப்பிடுறவங்க. அவங்க நகத்தை யார் பாக்குறா?

நம்ம பள்ளிக்கூடத்துல வாரா வாரம் தர்ற நீல மாத்திரையில இரும்புச்சத்தோட 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கு. லூசி அம்மையார் தேடியது அதைத்தான். சிலர் அதை வாயில போட்ட மாதிரி நடிச்சு ஜன்னல் வழியா எறியறாங்க. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டா குமட்டல் குறையும். மலம் கருப்பாப் போனா பயப்பட வேண்டாம், அது இரும்புச்சத்தால்தான்.

இன்னும் சில விஷயங்கள்:

* ஆடி மாசம் மருதாணி வைத்தால் நகம் செக்கச்செவேல்னு இருக்கும். வெளுப்பு தெரியாது. அப்போ கண் இமையைப் பார்க்கணும்.

* சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தால் குளிரில் நகம் நீலமாகும். உடம்பு சூடானதும் மாறிவிட்டால் அது நோய் இல்லை. குளிராத நேரத்திலும் நீலமாக இருந்தால் உடனே டாக்டரிடம் போகணும்.

* நகத்தை மட்டும் பார்த்து நாமே முடிவு செய்யக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கணும். நம் வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை.

* முருங்கைக்கீரை, தட்டாம்பயறு, நம்ம ஊர் உளுந்தங்களி எல்லாம் நல்லது. கீரையை ரொம்ப நேரம் வேக வைத்தால் ஃபோலிக் சத்து போய்விடும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதைச் சேரவைக்கும்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவோட கை நகத்தைப் பாருங்க. வெளுத்திருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்கிருந்தோ வந்து நம் தாய்மார்களின் உயிரைக் காத்த லூசி வில்ஸ் அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றி அதுவே!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி